பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நாள்: வேட்டங்குடியா, திருமயமா, குன்றக்குடியா?

“ஐயா, இங்க பார்க் எங்க இருக்கு?”

சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை. முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் மகள்வழிப் பேத்தி கேட்ட முதல் கேள்வி இது. அவளுக்கு 11 வயது, தம்பிக்கு 6. காரைக்குடியில் சிறு பூங்காக்கள் உண்டு. ஊஞ்சல், சறுக்குமரம், நாலு பெஞ்சு. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் இருப்பது பீஷான் பக்கம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் 62 ஹெக்டேரில் ஒரு பூங்கா. மகள் வீட்டுக்குப் போனபோது நானும் தினம் காலையில் அங்கே நடந்திருக்கிறேன். நேர்கோடாக சிமெண்ட் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த காலாங் ஆற்றை, அந்தச் சிமெண்டை உடைத்து, கல்லும் செடியுமாக வளைந்து ஓடும் ஆறாகவே 2012ல் மாற்றிவிட்டார்கள். அதில் நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்து மீன் பிடிக்கும். விடுமுறை நாள் என்றால் தாவரவியல் பூங்கா. அது 1859ல் தொடங்கியது, 2015ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குளத்தில் அன்னம், புல்வெளியில் உடும்பு, நடுவில் சோப்பின் என்ற இசைக்காரருக்கு ஒரு சிலை. ஒரே வாசல் வழியாக உள்ளே போனால் சிலை, பிராணி, காடு, குளம் எல்லாம் பார்த்துவிட்டு அதே வாசல் வழியாக வெளியே வந்துவிடலாம்.

செட்டிநாட்டில் இவையெல்லாம் உண்டு, ஆனால் சிதறிக் கிடக்கின்றன. பறவை ஒரு திசை, குதிரைச் சிலை வேறு திசை, பாறை இன்னொரு திசை. வந்த பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் கல்யாண வீடு, முன்னோருக்குப் போடும் படைப்பு, சொந்தக்காரர் வீட்டுப் பலகாரம் என்று போய்விடும். அந்த ஒரு நாளை எங்கே செலவழிப்பது என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சு ஓடியது. பேத்தி தன் நோட்டில் சிலை, விலங்கு, இயற்கை என்று மூன்று பத்தி போட்டு வைத்துக்கொண்டாள். பள்ளியில் இப்படித்தான் செய்யச் சொல்வார்களாம். அந்த நோட்டை வைத்தே நானும் யோசித்தேன். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் வேறு வீடுகளுக்கும் உதவட்டும்.

முதலில் வேட்டங்குடி. திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் போனால் கொள்ளுகுடிப்பட்டி வரும். அங்கே பெரிய கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய், சின்னக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய், வேட்டங்குடிக் கண்மாய் என்று மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்த்து 38 ஹெக்டேர் சொச்சம், பீஷான் பூங்காவைவிடச் சிறியது. 1977ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் காப்பாற்றி வந்த இடம் அது. பறவைக்கு மிரட்சி வந்துவிடக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் இல்லை. வனத்துறையினர் தீபாவளி சமயத்தில் ஊருக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுப்பதுண்டு. பேரனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோவம் வராதா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அங்கே ஒரு பெரியவரிடமே கேட்டிருக்கிறேன். “மத்தாப்பு கொளுத்துவாகள்ல, அது போதும்” என்றார்.

கரையில் நின்றால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு தெரியும். அதிகம் கண்ணில் படுவது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். தண்ணீருக்குள் கிடக்கும் நத்தையை எடுத்து ஓட்டிலிருந்து சதையை உருவித் தின்பதற்கு ஏற்ற அலகு. குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். ஆறு வயசுப் பிள்ளைக்கு இந்த ஒரு சங்கதியே அரை மணி நேரத்துக்குப் போதும். அப்புறம் அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா. பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. பாம்பு வருகிறது என்று சின்னவன் கத்துவான், கத்தட்டும் என்று விட முடியாது, அங்கே கத்தக் கூடாது. இந்த இடத்தில் உள்ள பெரிய சிக்கலே அதுதான். பூங்காவில் ஓடலாம், உருளலாம், கூவலாம். இங்கே மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். பறவைகள் தூரத்தில்தான் இருக்கும், பைனாகுலர் இல்லாமல் போனால் வெள்ளைப் புள்ளிகள்தான் மிச்சம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோவது நல்லது.

இன்னொரு சிக்கல் மழை. மூன்று நான்கு வருடத்துக்கு முன் மகனும் மருமகளும் பிள்ளைகளோடு சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, ஒரு மூலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். “தண்ணி இல்லாம குருவி எப்படிங்க வரும்?” என்று டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அவர் போன் நம்பரை அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டி சொல்வது. நல்ல மழை பெய்த வருடம் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். வெயில் ஏறுமுன் காலையில், அல்லது சாயங்காலம் நாரைகள் கூடு திரும்பும் நேரத்தில். இருட்டும் சமயத்தில் வக்கா என்கிற இராக்கொக்கு இரைக்குக் கிளம்பும், மற்றவை அடங்கும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் சாயங்காலத்தை விரும்புவேன். பிள்ளைகளோடு என்றால் காலைதான் சரி, சாயங்காலம் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

பேத்தியின் நோட்டில் வேட்டங்குடிக்கு நேரே விலங்குப் பத்தி நிரம்பும், சிலைப் பத்தி காலி. இயற்கைப் பத்தியில் ‘ஏரி’ என்று எழுதியிருந்தாள். அது ஏரி இல்லை, மனிதர்கள் கரை போட்டு மழைநீரைத் தேக்கிய கண்மாய், வயலுக்குத் தண்ணீர் பாயத்தான் கட்டினார்கள், பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கும் உரம் என்று சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அடித்துவிட்டாள். பிறகு திரும்ப எழுதினாள்.

அடுத்தது திருமயம் பாதை. காரைக்குடி - புதுக்கோட்டை சாலையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரத்திலேயே பாறையும் அதைச் சுற்றிய மதிலும் தெரிந்துவிடும். சாலையோரம் மதிலை ஒட்டிக் கோட்டை பைரவர் கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற வண்டிகளில் பாதி அங்கே நின்று ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் நகரும். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள், ஆனால் கட்டியது சேதுபதி. 1687ல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி கட்டியதாக வரலாறு. 40 ஏக்கர் பரப்பு. இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, சிறு கட்டணம் உண்டு.

பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் திருமயத்துக்கு நிகர் இல்லை என்றே சொல்வேன். ஏற ஒரு பாறை, ஒளிந்து விளையாட மதில், உச்சியில் ஒரு பீரங்கி. பாதி வழியில் பாறையின் பக்கவாட்டில் குடைந்த ஒரு சிறிய அறைக்குள் லிங்கம். அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். என் முழங்காலுக்கு ஆகாது, நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றிலும் செம்மண், கண்மாய், பனை, நடுநடுவே ஊர். செட்டிநாட்டு நிலம் எப்படி இருக்கிறது என்று ஒரே பார்வையில் புரியும் இடம் அதுதான்.

மலையின் தென்பக்கம் கீழே இரண்டு குடைவரைக் கோயில்கள். சத்தியகிரீசுவரர் ஒன்று, சத்தியமூர்த்திப் பெருமாள் ஒன்று. பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையோடு பாறையாகச் செதுக்கியிருக்கிறார்கள். மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள் தாயாரைத் தூக்க வர, பெருமாளை எழுப்பாமல் ஆதிசேஷனே தீயை உமிழ்ந்து அவர்களை விரட்டிய கதை. அந்தத் தீச்சுடரையும் கல்லில் காணலாம். தூங்குகிற முதலாளிக்குக் காவல் பார்க்கிற பாம்பு என்று சொன்னால் சின்னவனுக்கு உடனே பிடித்துவிடும். பெரியவளுக்கு வேறு கதை இருக்கிறது. இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் நிலம், வருமானம் பற்றி ஓயாத சண்டை. 1245ல் அப்பண்ண தண்டநாயக்கர் என்ற போசள (ஹொய்சள) அரசின் தளபதி உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுத்தார், அந்தத் தீர்ப்பைக் கல்வெட்டாகவும் வெட்டி வைத்தார்கள். அண்ணன் தம்பி வளவு வீட்டைப் பங்கு போட்ட கதை தெரிந்த நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

உச்சிப் பொழுதில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், ஆகையால் கோயில் முதலில், கோட்டை அப்புறம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்வேன். கோட்டை திறந்த உடனே முதலில் ஏறிவிடுங்கள். பத்தரை மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். ஒருமுறை சித்திரையில் மதியம் கூட்டிப்போய், லிங்க அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய பிள்ளைகள் இறங்கும்போது நடனம் ஆடிக்கொண்டே இறங்கினார்கள். பழி என் மேல்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் நமணசமுத்திரம். அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள், வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். சிலை என்று பேத்தி கேட்டதற்கு என்னிடம் இருக்கும் சரியான பதில் இதுதான். பூங்காவில் இருக்கும் சிலைக்குப் பீடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. யார் செய்தது, எந்த வருடம் என்று போட்டிருக்கும். இங்கே எதுவும் இல்லை. புரவி எடுப்பு என்று ஊர் கூடி முடிவு செய்ததும் பிடிமண் எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த மண்ணைச் சேர்த்து அவர் குதிரை செய்வார். உள்ளே கூடாகத்தான் இருக்கும், அங்கங்கே ஓட்டையும் விடுவார், இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். திருவிழா அன்று வண்ணம் பூசி, மாலை போட்டு, கண் திறந்து, ஊரே தோளில் சுமந்து கொண்டுபோய் அய்யனார் முன் நிறுத்திவிட்டுத் திரும்பிவிடும். ராத்திரியில் அய்யனார் ஏறிக் காவலுக்குப் போவதற்கு. அதன் பிறகு அந்தக் குதிரைக்கு யாரும் சாயம் பூசுவதோ ஒட்டுப் போடுவதோ இல்லை. மழையில் நனையும், காது உடையும், கழுத்து விழும், செடி முளைக்கும். அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரை வந்து பக்கத்தில் நிற்கும். ஒரு வரிசையில் தலை உள்ளது, தலை இல்லாதது, வெறும் கால் மட்டும் நிற்பது என்று எல்லாம் பார்க்கலாம். மழைக்காலம் என்றால் புல்லுக்குள் பார்த்துக் கால் வையுங்கள்.

ஒரு கறார் வேண்டும். பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி போட்டோ எடுக்காதீர்கள். அப்படிச் செய்யப் போன ஒரு குடும்பத்தை ஊர்ப் பாட்டி ஒருத்தி விரட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாட்டி பக்கம்தான் நியாயம்.

சரி, திருமயம் பாதையில் நோட்டின் இரண்டு பத்தி நிரம்புகிறது. விலங்குப் பத்தி? ஓணான், தட்டான், அதிர்ஷ்டம் இருந்தால் மயில். அவ்வளவுதான்.

மயில் என்றதும் குன்றக்குடி. என் வீட்டுக்காரியின் ஓட்டு ஆரம்பத்திலிருந்தே அதற்குத்தான். “பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிக் கொக்கைக் காட்டப் போறீகளாக்கும்! முதல்ல பிள்ளையாரைக் காட்டுங்க, அப்புறம் முருகனைக் காட்டுங்க” என்று முடித்துவிட்டாள். பத்து கிலோமீட்டர்தான் தூரம். மலையே மயில் வடிவம் என்பது தலபுராணம். சாபம் பெற்ற மயில் மலையாகக் கிடந்து முருகனைத் தாங்குகிறதாம். படி ஏறுவது சின்னப் பிள்ளைக்கும் முடியும். மேலே ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாகச் சண்முகநாதர். மருது பாண்டியர் திருப்பணி செய்த கோயில், அடிவாரத்தில் குடைவரைகளும் உண்டு. ஆனால் மயில் பார்க்கத்தான் போகிறோம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். டிசம்பரில் ஆண்மயிலுக்கு நீளத் தோகை இருக்காது. பழைய தோகை உதிர்ந்து புதிது வளர்ந்துகொண்டிருக்கும். தோகை விரித்து ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் வர வேண்டும். தவிர, மயில் இப்போது எங்கள் கொல்லையிலேயே வந்து நிற்கிறது, கடலை போட்டவர்களைக் கேட்டால் தேசியப் பறவை என்றெல்லாம் பார்க்காமல் திட்டுவார்கள்.

பிள்ளையார்பட்டியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறடி உயரம், இரண்டே கை, வலம்புரித் துதிக்கை. குன்றையே குடைந்து எடுத்த உருவம். கூட்ட நாளில் மட்டும் போகாதீர்கள், பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம்.

பிரான்மலையும் சித்தன்னவாசலும் பேச்சில் அடிபட்டன. பிரான்மலை சுமார் 2,500 அடி. பாரி ஆண்ட பறம்பு மலை அதுதான் என்பார்கள். கோயில் கீழ், நடு, மேல் என்று மூன்று நிலையில் இருக்கிறது, மலையுச்சியில் ஒரு தர்காவும் உண்டு. உச்சி வரை ஏறும் எண்ணம் இருந்தால் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு போங்கள். ஆறு வயதுக்காரன் பாதியில் தோளில் ஏறிக்கொள்வான், அந்தத் தோள் யாருடையது என்பதுதான் கேள்வி. சித்தன்னவாசல் எனக்கு மிகப் பிடித்த இடம். அறிவர் கோயில் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளம், அதில் மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் துறவிகள். மேலே ஏழடிப்பட்டத்தில் சமணர்கள் படுத்த 17 கல் படுக்கைகள், வழவழவென்று. பதினொரு வயதுக்காரி மட்டும் வந்திருந்தால் யோசிக்காமல் அங்கேதான் கூட்டிப்போயிருப்பேன். ஆனால் புதுக்கோட்டையையும் தாண்டிப் போக வேண்டும், மங்கிய ஓவியத்தைச் சின்னவன் இரண்டு நிமிடம்கூடப் பார்க்க மாட்டான்.

ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு சாயங்காலம் போதும். கம்பன் மணிமண்டபம், அதே வளாகத்தில் தமிழ்த்தாய் கோயில், பேருந்து நிலையத்துப் பக்கம் கண்ணதாசன் மணிமண்டபம். அழகப்பர் சிலையைக் காட்டினால், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது இல்லாமல் சிலை வெறும் சிலை. கானாடுகாத்தான் பக்கம் போனால் வீட்டு முகப்பு உச்சியில் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்க்கலாம். யானைகள் நீர் ஊற்றும் லட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான்.

கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தோம்? பிள்ளைகள் எந்த மாதம் வருகிறார்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. சிங்கப்பூரில் பள்ளி நீண்ட விடுமுறை வருடத்துக்கு இரண்டு. ஜூனில் ஒன்று, நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முழுக்க இன்னொன்று. ஜூனில் வந்தால் வேட்டங்குடியை மறந்துவிட வேண்டியதுதான். அப்போது விடிந்ததும் நமணசமுத்திரம், கோட்டை திறந்ததும் திருமயம், மதியத்துக்குள் வீடு, சாயங்காலம் வெயில் இறங்கியதும் குன்றக்குடி. டிசம்பர் என்றால், மழை பெய்திருந்தால், வேட்டங்குடிதான். கோட்டையும் குதிரையும் எந்த மாதமும் அங்கேயே நிற்கும், நாரை நிற்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கிற எண்ணம் மட்டும் வேண்டாம். மாப்பிள்ளை அப்படி ஒரு திட்டம் போட்டு செல்போனில் வரைபடம் காட்டினார். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

இது டிசம்பர். டீக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன், “தண்ணி தளும்புதுங்க, வாங்க” என்றார். வண்டி காலை ஐந்தரைக்கு. இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டியாகிவிட்டது, பைனாகுலர் மாப்பிள்ளையுடையது. வீட்டுக்காரிக்கும் ஒரு வழி இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து திரும்பும் சாலையில்தான் பிள்ளையார்பட்டி. நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் பத்து மணிக்கெல்லாம் கண்மாய்க்கரையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். நேற்று ராத்திரி பேத்தி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். குன்றைக் குடைந்து எடுத்த பிள்ளையார் சிலைப் பத்தியா, இயற்கைப் பத்தியா என்று கேட்டாள். ஆயாவைக் கேள் என்று அனுப்பிவிட்டுப் படுக்கப் போனேன்.